நெஞ்சு எரியுது, ஆனால் "அக்கினி மந்தம்" என்கிறார் வைத்தியர். இது எப்படி?

மஸ்கெலியாக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாங்க, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாகச் சாப்பிட்ட பிறகு நெஞ்சுக்குழியில் இருந்து தொண்டை வரைக்கும் எரியுது, புளிச்ச ஏப்பம் வருது. பசி என்று ஒன்று இல்லவே இல்லை, இரண்டு வாய் சோறு உள்ளே போனதும் வயிறு நிறைஞ்ச மாதிரி ஆகிவிடுதாம். டவுனில் ஒரு ஆயுர்வேத வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வெள்ளையாகப் படிந்திருந்தது. "அக்கினி மந்தமாக இருக்கு, அதை எழுப்ப வேணும்" என்று கஷாயம் எழுதித் தந்தார். பின்னால் வரிசை நீளமாக நின்றதால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

எரிச்சல் என்றால் நெருப்பு கூடிவிட்டது என்றுதானே அர்த்தம்? ஏற்கெனவே எரிகிற வயிற்றில் இன்னும் நெருப்பை எழுப்பினால் என்ன ஆகும்? ஐம்பூதத்தில் வருகிற தீயும் இந்த அக்கினியும் ஒன்றா, பித்தம் என்பது வேறா? படித்தவங்க யாராவது இருந்தால் விளக்கமாகச் சொல்லுங்க. கஷாயம் இன்னும் தொடங்கவில்லை.

ஊவாக்காற்று:
தங்கச்சி, குழம்பத் தேவையில்லை. பித்தம்தான் அக்கினி, அக்கினிதான் பித்தம். அம்மாவுக்கு உடம்புச் சூடு. இஞ்சி, மிளகு, கொச்சிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் கொடுங்க, கிழமைக்கு ஒருமுறை நல்லெண்ணெய் வைத்து முழுகச் சொல்லுங்க. எங்கள் அப்பாயி இதைத்தான் செய்தாங்க, பதுளைப் பக்கம் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் இது. எரிகிறவருக்கு நெருப்பை எழுப்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூலிகைத்தோட்டம்:
நான் ஹட்டன் பக்கம், கைதடியில் சித்த மருத்துவம் படித்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்க.

ஊவாக்காற்று அண்ணன் சொன்னதைச் சும்மா தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இந்தக் கேள்வி பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையிலேயே வருகிறது. பித்தத்தைத் தவிர வேறு அக்கினி உடம்பில் உண்டா என்று கேட்டு, பித்தத்தை விட்டால் வேறு அக்கினி காணக் கிடைப்பதில்லை என்று பதில் சொல்கிறார்கள். அதைப் போன்ற இன்னொரு பழைய நூலான சரக சம்ஹிதையில் மரீசி என்ற முனிவர், உடம்பிலுள்ள அக்கினி பித்தத்துக்குள் இருந்துகொண்டே நல்லதும் கெட்டதும் செய்கிறது என்கிறார். ஆனால் ஒன்றுக்குள் இருப்பதும் அதுவாகவே இருப்பதும் ஒன்றில்லை. பின்னால் வந்த உரைகாரர்கள் இதற்கு நெய்யை எடுத்துக் காட்டுகிறார்கள். நெய் பித்தத்தைத் தணிக்கும், அதே நெய் அக்கினியை வளர்க்கும். இரண்டும் ஒரே பொருள் என்றால் நெய் அதைக் குறைக்கவும் கூட்டவும் எப்படி முடியும்? எனக்கு இந்த வாதம் மிகவும் பிடிக்கும்.

இப்போது தங்கச்சியின் கேள்வி. பித்தம் வெறும் தீ இல்லை, அதில் தீயோடு நீரும் இருக்கிறது. அது ஒழுகக்கூடிய, புளிப்பும் கார்ப்பும் உள்ள, சூடான பொருள். சரகரின் சிகிச்சைப் பகுதியில் கிரகணி என்ற செரிமான நோய் பற்றிய அத்தியாயத்தில் ஓர் இடம் வருகிறது: காரம், புளி, உவர் இதையெல்லாம் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் பித்தம் பெருகி, கொதிக்கிற தண்ணீர் நெருப்பை அணைப்பது போல அக்கினியை மூழ்கடித்து அணைத்துவிடும். கொதிநீர் சூடுதான், கையில் பட்டால் வெந்துபோகும். ஆனால் அடுப்பில் கவிழ்த்தால் தணல் அணைந்துவிடும் இல்லையா? அம்மாவின் எரிச்சல் அந்தக் கொதிநீர். பசி இல்லாததும், இரண்டு வாயில் வயிறு நிறைவதும், நாக்கில் படிவதும் அடுப்பு அணைந்ததன் அடையாளம். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். வைத்தியர் அப்படிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அக்கினியை நாலு நிலையாகச் சொல்வார்கள். சமமாக இருந்தால் சாப்பிட்டது நேரத்துக்குச் செரிக்கும். வாதம் கூடினால் ஒரு நாள் செரிக்கும் மறுநாள் உப்பும், அது விஷமம். பித்தம் கூடினால் பெரும்பாலும் தீட்சணம், எவ்வளவு போட்டாலும் எரித்துவிட்டுத் திரும்பக் கேட்கும், தொண்டையும் உதடும் காயும். கபம் கூடினால் மந்தம், கொஞ்சம் சாப்பிட்டாலும் செரிக்க நெடுநேரம் எடுக்கும், வயிறும் தலையும் பாரமாக இருக்கும். செரிக்காமல் அரைகுறையாக நிற்பதை ஆமம் என்பார்கள். மந்த அக்கினியில்தான் எல்லா நோயும் தொடங்குகிறது என்று அஷ்டாங்க ஹிருதயம் சொல்வதும் இதனால்தான்.

பூதமான தீயும் இந்த அக்கினியும் ஒன்றா என்றும் கேட்டிருந்தீர்கள். பூதமான தீ எல்லாப் பொருளிலும் உள்ளது. அதற்குரிய குணம் உருவம், அதற்குரிய புலன் கண். சுவையில் புளிப்பு, உப்பு, கார்ப்பு மூன்றிலும் அதற்குப் பங்கு உண்டு, அதனால்தான் மூன்றும் பித்தத்தைக் கூட்டும். உடம்பில் வேலை செய்யும் அக்கினியைச் சரகர் பதின்மூன்றாகப் பிரிக்கிறார்: வயிற்றுத் தீ ஒன்று, ஐந்து பூதங்களுக்கும் ஒவ்வொன்றாக ஐந்து, இரத்தம், தசை, எலும்பு போன்ற ஏழு தாதுக்களுக்கு ஏழு. வயிற்றுத் தீதான் மற்றதுக்கெல்லாம் மூலம், அது ஏறினால் எல்லாம் ஏறும், இறங்கினால் எல்லாம் இறங்கும். சித்தத்தில் எங்களுக்குப் பித்தம் என்பது அழல். வயிற்றில் இருப்பதை அனற்பித்தம் என்போம், பார்வைக்கு ஆலோசகம், தோலின் ஒளிக்குப் பிராசகம் என்று அதுவும் ஐந்து.

நானுஓயா டீச்சர்:
நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மேலே சொன்ன விளக்கம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக எரிச்சல் வந்து, பசி போய், இரண்டு வாயில் வயிறு நிறைகிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது வேறு. தங்கச்சி, அம்மா மெலிந்திருக்கிறாங்களா? மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா? வாந்தியில் இரத்தம் உண்டா? விழுங்கும்போது அடைக்கிறதா? ஒன்று இருந்தாலும் கஷாயத்தை எண்ணி நாள் கடத்தாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கச் சொல்வார்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வயதில் ஒருமுறை காட்டுவது நல்லது.

இன்னொன்று. முதுகுவலி, முழங்கால் வலிக்கு அம்மா ஏதாவது குளிசை போடுகிறாங்களா? கூடையைச் சுமந்து ஏற்றம் ஏறுகிற நம்ம பெண்கள் பார்மசியில் டைக்குளோபினாக் வாங்கி வெறும் வயிற்றில் போடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வகைக் குளிசை வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும்.

நெருப்பு என்ற பேச்சைப் பற்றியும் சொல்கிறேன். 1822இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஓட்டை விழுந்து, ஆறியும் மூடவில்லை. வில்லியம் போமண்ட் என்ற வைத்தியர் அந்த ஓட்டை வழியாக இறைச்சித் துண்டை நூலில் கட்டி உள்ளே விட்டு, எடுத்து எடுத்துப் பார்த்து, 1833இல் நூலாக எழுதினார். வயிற்றுச் சாற்றைக் குப்பியில் எடுத்து உடம்புச் சூட்டில் வைத்தாலும் இறைச்சி கரைந்தது. கரைப்பது அமிலமும் நொதியும். பிறகு 1982இல் பாரி மார்ஷலும் ரொபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்து, வயிற்றுப் புண்ணில் பெரும் பங்கு அதற்கு என்று காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. கிருமிக்கு மருந்து உண்டு. அது இருக்கிறதா இல்லையா என்பதை நாடி பிடித்துச் சொல்ல முடியாது.

மூலிகைத்தோட்டம்:
டீச்சர், ஒவ்வொரு வரியையும் ஏற்கிறேன். அந்த அடையாளங்கள் இருந்தால் நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன், கிருமி இருந்தால் அன்டிபயோடிக்தான் வேணும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஆயுர்வேதம் அக்கினி என்கிறபோது வயிற்றுக்குள் தீ எரிகிறது என்று சொல்லவில்லை. சாப்பாடு நம் உடம்பாக மாறுகிற அந்த வேலையைச் செய்யும் ஆற்றலை அப்படிச் சொல்கிறது. மேற்கிலும் லவோசியே 1780களில் ஒரு சின்ன கினிப்பன்றியைப் பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து, அது உருக்கிய தண்ணீரையும் விட்ட மூச்சையும் அளந்து, மூச்சு விடுதல் என்பது மெதுவாக நடக்கும் ஓர் எரிதல் என்றுதான் சொன்னார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அளந்தார், இவர்கள் பசியையும் பாரத்தையும் பார்த்து அறிந்தார்கள்.

அந்தப் பார்வை இன்றைக்கும் பயன்படும். முன்பு சாப்பிட்டது செரித்துவிட்டது என்பதற்கு நூலில் உள்ள அடையாளம் இவ்வளவுதான்: ஏப்பத்தில் பழைய சாப்பாட்டு வாசம் இல்லாமல் சுத்தமாக இருப்பது, உற்சாகம், மலசலம் தடையில்லாமல் போவது, உடம்பு இலேசாக இருப்பது, பசியும் தாகமும் எடுப்பது. திருக்குறளில் மருந்து அதிகாரத்தில் "தீயள வன்றித் தெரியான் பெரிதுண்ணின்" என்று வருவதும் வயிற்றின் இந்தத் தீயளவைத்தான். அம்மாவிடம் இந்த ஐந்தையும் ஒரு நாளில் எப்போது எப்போது உணருகிறாங்க என்று கேட்டுப் பாருங்க. வைத்தியருக்கு அது நாடியைவிடப் பெரிய உதவி.

பொகவந்தலாவை அக்கா:
எல்லாம் வாசித்தேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல் மலைக்குப் போய் வேலை செய்து இப்போது வீட்டில் இருக்கிறவள். படித்தவங்க நீங்கள் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். மகள், அம்மா எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுறாங்க?

விடிய முன்னமே எழும்பி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு, ஒரு கோப்பை சாயத்தண்ணியை வெறும் வயிற்றில் ஊற்றிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, ஓடுறோம். கையில் சுருட்டிய ரொட்டி ஆறிப்போய் தோல் மாதிரி ஆகின பிறகு, பசி எடுத்த நேரத்தில் இல்லை, விட்ட நேரத்தில் சாப்பிடுறோம். அதுவும் கோதுமை மா ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும். பகலைக்கு மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடியும்வரை நிற்க வேணும். அதற்குள் பசி வந்து, காந்தி, தானாகவே அடங்கிவிடும். அடங்கட்டும் என்றுதான் வெற்றிலையைப் போடுறோம். ராத்திரி எல்லா வேலையும் முடித்து எட்டு ஒன்பது மணிக்கு வயிறு முட்டச் சோறு, உடனே படுக்கை. இப்படி வருஷக்கணக்காக இருந்தால் எந்த நெருப்புத்தான் நேராக எரியும்?

மழைக்காலத்தில் படங்கைச் சுற்றிக்கொண்டு நனைந்தபடி நிற்கிறபோது சலம் வந்தாலும் அடக்கிக்கொண்டுதான் நிற்கிறோம், மலையில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. தண்ணீர் குடித்தால் சலம் வரும் என்று தண்ணீரும் குடிப்பதில்லை. நான் வேலை செய்த தோட்டத்தில் இதைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மூலிகைத்தோட்டம்:
அக்கா, நீங்கள் சொன்னதுதான் இந்தப் பேச்சு முழுவதிலும் முக்கியமானது. சரகத்தில் அடக்கவே கூடாத வேகங்கள், அதாவது உடம்பின் இயற்கை உந்துதல்கள், என்று பதின்மூன்று சொல்லியிருக்கு. சலம், மலம், தும்மல், கொட்டாவி, தூக்கம் இவற்றோடு பசியும் தாகமும் அதில் உண்டு. பசியை அடக்கினால் என்ன வரும் என்றும் இருக்கிறது: மெலிவு, பலவீனம், நிறம் மங்குதல், உடம்பு உளைச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, தலைச்சுற்று. நம்ம தோட்டங்களில் நடுவயதுப் பெண்கள் சொல்கிற வருத்தங்களை வரிசையாக எழுதினால் ஏறக்குறைய இதுதான் வரும். கஷாயத்தால் அக்கினியை எழுப்பிவிட்டு மறுநாளே பசியை அடக்கச் சொன்னால் மருந்து என்ன செய்யும்? பசித்த நேரத்தில் சாப்பிடவும் ஒதுங்கவும் வசதி செய்து கொடுப்பதும் அக்கினிக்கான வைத்தியம்தான், அதை வைத்தியர்கள் வாய் திறந்து சொல்ல வேணும்.

ஊவாக்காற்று:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். குளிர்காலத்தில் அக்கினி பலமாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் வருஷம் முழுக்கக் குளிர்கிற நம்ம ஊரில் எல்லாருக்கும் நல்ல பசி இருக்க வேணுமே, ஏன் இவ்வளவு "கேஸ்" வருத்தம்?

மூலிகைத்தோட்டம்:
நல்ல கேள்வி. நூல் சொல்வது வட இந்தியாவின் ஆறு பருவங்களை வைத்து. ஹேமந்தம் என்ற முன்பனிக்காலத்தில் வெளிக்குளிர் உடம்புச் சூட்டை உள்ளே அடைத்துவைப்பதால் அக்கினி பலமாகும், கனமான சாப்பாட்டையும் செரிக்கும். மழைக்காலத்தில் நேர்மாறு: நிலத்தில் இருந்து எழும் ஆவி, விடாத மழை, தண்ணீர் புளித்தன்மை அடைவது எல்லாம் சேர்ந்து அக்கினி தளரும். நமக்கோ குளிரும் மழையும் ஒன்றாக வருகிறது. மஸ்கெலியா, ஹட்டன், பொகவந்தலாவைக்குத் தென்மேல் பருவக்காற்று, மே முதல் செப்டம்பர் வரை வெயில் முகம் காண்பதே கஷ்டம். உங்கள் பதுளைப் பக்கம் அந்த நேரம் காய்ந்து கிடக்கும், மார்கழி தையில்தான் மழை. ஆகவே ஒரே மாதத்தில் இரண்டு சரிவிலும் ஒரே சாப்பாட்டு முறை பொருந்தாது. உங்கள் அப்பாயியின் வெந்தயத் தண்ணீர் ஆடி மாத ஊவாவுக்குச் சரி, ஆடி மாத மஸ்கெலியாவில் மந்த வயிற்றுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

குளிரில் இன்னொரு ஆபத்தும் சொல்லியிருக்கு: பலமான அக்கினிக்குப் போதிய சாப்பாடு கிடைக்காவிட்டால் அது உடம்பின் சாரத்தையே தின்னத் தொடங்கி, வாதத்தைக் கிளப்பும். நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி படிகிற நாட்களில் ஆறின ரொட்டியோடு வேலைக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்க.

மாத்தளை மிளகு:
உள்ளே எரிகிற நெருப்பைப் பற்றியே பேசுறீங்க, மருந்து காய்ச்சுகிற நெருப்பையும் சொல்ல வேணும். நான் நாட்டு வைத்தியர் ஒருவரிடம் மருந்துக் கொட்டிலில் உதவிக்கு நின்றவன். தங்கச்சி கஷாயம் தொடங்கவில்லை என்றதால் எழுதுகிறேன்.

இங்கே நம்ம நாட்டு முறை எட்டை ஒன்றாக்குவது. சரக்கு பன்னிரண்டு கழஞ்சு, அதாவது சுமார் 60 கிராம். தண்ணீர் எட்டுப் பத்த, அதாவது 1920 மில்லிலீற்றர். வற்றி நிற்க வேண்டியது ஒரு பத்த, 240. நேரம் போகுது என்று கேஸ் அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், ஆனால் சரக்கின் சத்து இறங்காது, அடியும் பிடிக்கும். மண்சட்டி, மூடாமல், மெல்லிய தீ. கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி, காய்ந்ததாகக் கிடைத்தால் அதைவிட நல்ல விறகு இல்லை, குச்சியைக் கூட்டிக் குறைத்துத் தீயை நினைத்த அளவில் நிறுத்தலாம். ஒன்று கவனியுங்க, நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், கடற்கரையில் போல நூறுக்குப் போகாது. அதனால் கொதி வந்துவிட்டதே என்று அவசரப்படாமல், அளவு வற்றும்வரை நிதானமாக விடுங்க.

எண்ணெய் காய்ச்சுவது இதைவிட நுணுக்கம். சட்டியின் அடியில் நிற்கிற கல்கத்தை, அதாவது அரைத்துச் சேர்த்த மூலிகை விழுதை, கொஞ்சம் எடுத்து விரல் நடுவில் உருட்டுவார் எங்கள் வைத்தியர். விரலில் ஒட்டினால் இன்னும் தண்ணீர் இருக்கு. ஒட்டாமல் திரியாக உருண்டால் அதை நெருப்பில் காட்டுவார், படபட என்று வெடித்தால் ஈரம் மிச்சம், சத்தமில்லாமல் எரிந்தால் பதம். அந்த நேரத்தில் எண்ணெயில் நுரை எழும்பும், நெய்யாக இருந்தால் நுரை அடங்கும். இந்தக் கணத்தில் இறக்காவிட்டால் கல்கம் கருகி மருந்து கெட்டுவிடும். காலையில் இருந்து அடுப்படியில் நின்றவர் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நிற்பார், அந்த நேரம் யாரும் அவரோடு பேசக்கூடாது.

நானுஓயா டீச்சர்:
அருமையாக எழுதியிருக்கீங்க. நெருப்பு சம்பந்தமாக நானும் ஒன்று சொல்ல வேணும். பஸ்மம், செந்தூரம் என்று உலோகம் சேர்த்த மருந்துகளைத் தீயில் புடம் போட்டுவிட்டால் நஞ்சு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஈயத்தை எந்த நெருப்பில் போட்டாலும் அது ஈயமாகவே இருக்கும், வேறு சேர்மமாக மாறுமே தவிர இல்லாமல் போகாது. 2004இல் பொஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் என்று ஏதோ ஒன்று இருந்ததாக அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. பதிவு பெற்ற வைத்தியர் எழுதித் தந்த மூலிகைக் கஷாயத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. பெயர் இல்லாத டப்பியில் வரும் தூளை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம்.

மஸ்கெலியாக்காரி:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். டீச்சர் கேட்ட மாதிரி முழங்காலுக்குக் குளிசை போடுறாங்க, எங்களுக்கே தெரியாது, மலைக்குப் போகிற நாளெல்லாம் ஒன்று. மலம் கறுப்பு இல்லை, ஆனால் சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கு. அக்கா சொன்ன சாப்பாட்டு நேரம் அப்படியே எங்கள் வீடுதான். இஞ்சித் தேத்தண்ணி குடிக்கலாமா என்று அம்மா கேட்கிறாங்க, செரிக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னாங்களாம்.

மூலிகைத்தோட்டம்:
மெலிவு இருக்கிறதால் முதலில் ஆஸ்பத்திரி, தங்கச்சி, இந்தக் கிழமையே. கஷாயம் காத்திருக்கலாம். சாப்பாட்டுக்கு முன் இஞ்சித் துண்டும் உப்பும் என்பது மந்த அக்கினிக்குப் பழைய முறைதான், ஆனால் இவ்வளவு எரிச்சல் உள்ளவருக்கு இப்போது வேண்டாம், வெறும் வயிற்றில் சாயமும் வேண்டாம். மல்லி பசியைத் தூண்டும், பித்தத்தைக் கிளப்பாது. அதை அவித்து இளஞ்சூட்டில் கொடுங்க. ராத்திரிச் சோற்றைக் கொஞ்சமாக, படுக்க இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாக.

நானுஓயா டீச்சர்:
குளிசையின் அட்டையையும் கஷாயத் துண்டையும் இரண்டையுமே கொண்டுபோங்க. அங்கே உள்ள டொக்டரிடம் கஷாயத்தை மறைக்க வேண்டாம், ஆயுர்வேத வைத்தியரிடம் குளிசையை மறைக்க வேண்டாம். முழங்காலுக்கு வயிற்றைக் கெடுக்காத வேறு மருந்து உண்டா என்று அங்கேயே கேளுங்க, அதைக் கேட்காமல் வந்தால் வலி தாங்காமல் அம்மா திரும்ப அந்தக் குளிசையைத்தான் எடுப்பாங்க.

பொகவந்தலாவை அக்கா:
மகள், சனிக்கிழமை கிளினிக் இருக்காது, கிழமை நாளில் காலையிலேயே நம்பர் எடுக்கப் போங்க. அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போனாலும் பரவாயில்லை. குழாய் விடுவதாக இருந்தால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வாங்க, முடிந்த பிறகு கொடுக்கக் கஞ்சி காய்ச்சி பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு போங்க.